விஷம் இறங்கிய பிறகு

“கட்டுப் போட்டதே நீதான அம்மணி. இன்னமும் உன்ற படிப்பத்தான் நம்போணுமா?”

அரசு ஆஸ்பத்திரி வராந்தாவில், அப்பாவின் முன்னாலேயே பெரியப்பா இப்படிக் கேட்டார். ஐந்து நாட்களாக உட்கார்ந்தபடியே தூங்கியிருந்தேன். அவர் சொன்னதில் பொய் இல்லை.

துடியலூர்ப் பக்கம் எங்கள் காட்டில், மாட்டுக்குச் சோளத்தட்டு உருவும்போது அம்மாவின் பாதத்தில் கண்ணாடி விரியன் கடித்தது. நான் கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போனவள் நான் ஒருத்திதான். எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் பார்த்த படம் நினைவிருந்தது. அப்பாவின் துண்டைக் கிழித்துக் கணுக்காலுக்கு மேலே கட்டி, குச்சியைச் செருகி முறுக்கினேன். அம்மா வலி தாங்காமல் முனகினாள். வலித்தால்தான் விஷம் ஏறாது என்று அதட்டினேன். கூடி நின்றவர்கள் பார்த்த பார்வையில் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

டெம்போ தேடிப் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர இரண்டு மணி நேரம். டாக்டரம்மா கட்டை மெல்லத் தளர்த்தினார். யார் கட்டியது என்று மட்டும் அப்போது கேட்டார். பிறகு தனியே கூப்பிட்டுச் சொன்னார். விரியன் விஷம் சின்ன ரத்தக் குழாய்களின் சுவரை அரிக்கும், நீரும் ரத்தமும் கசிந்து கால் வீங்கும், தசை செத்துப்போகும். என் கட்டு அந்த விஷத்தை ஒரே பாதத்தில் தேக்கிவைத்து, நல்ல ரத்தத்தையும் வரவிடாமல் செய்திருந்தது.

ஊசி மருந்தில் அம்மா பிழைத்தாள். மூன்றாம் நாள், விஷம் இறங்கிவிட்டது என்றார் டாக்டரம்மா. அந்தச் சொல்லைத்தான் பெரியப்பா பிடித்துக்கொண்டார். எங்கள் ஊரில் விஷம் இறங்கிவிட்டால் ஆள் எழுந்து வீட்டுக்கு நடக்க வேண்டும். அம்மாவுக்கோ கொப்புளங்கள் உடைந்து, புறங்கால் கறுத்து நாறியது. ஐந்தாம் நாள், செத்த சதையை வெட்டி எடுக்க வேண்டும் என்றார்கள். இரண்டு விரல்கள் போகும். தள்ளிப்போட்டால் காலே போகலாம்.

“எறங்குன வெசத்துக்கு எதுக்குத் தம்பி அறுக்கோணும்? ஊட்டுக்குக் கொண்டுட்டுப் போயிப் பச்சிலை வெச்சுக் கட்டிப்போடலாம்” என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, பெரியப்பா வண்டி பேசப் போனார்.

அப்பா என்னைப் பார்த்தார். ஊசி ரத்தத்தில் ஓடிய விஷத்தைத்தான் முறித்தது, அதற்குள் செத்துப்போன சதையை அது எழுப்பாது என்றேன். இதுவும் புத்தகத்தில் இருந்ததா என்று கேட்டார். இல்லை, டாக்டரம்மாவிடம் மூன்று தடவை கேட்டுத் தெரிந்துகொண்டேன் என்றேன்.

அம்மாவிடம் போய், கட்டியதும் நான்தான், வெட்டச் சொல்வதும் நான்தான் என்று சொன்னேன். அவள் தன் காலைப் பார்த்தாள்.

“வெரலு போனாப் போகுது கண்ணு. நடக்க முடிஞ்சாச் செரி.”

பெரியப்பா வேனோடு திரும்பியபோது அம்மாவை ஆபரேஷன் அறைக்குள் கொண்டுபோயிருந்தார்கள். சம்மதப் படிவத்தில் அப்பாவின் கைநாட்டுக்குக் கீழே என் கையெழுத்தைப் போட்டிருந்தேன்.