ரூபியைத் தவிட்டுக்கு வாங்கிய கதை

நான் வசிக்கும் ஜெர்மன் ஊரில், மழலையர் பள்ளிக்கு வரும் நான்கு வயதுப் பிள்ளை ஷூவைக் கழற்றியதும் தன் மனநிலையை அறிவிக்க வேண்டும். சுவரில் சிரிக்கும் முகம், அழும் முகம், கோப முகம் எல்லாம் இருக்கும். தன் பெயர் எழுதிய கிளிப்பை ஏதாவது ஒன்றில் மாட்ட வேண்டும். என் மகள் ரூபி கைக்கு எட்டியதில் மாட்டிவிட்டு ஓடிவிடுவாள். போன செவ்வாய்க்கிழமை ஆசிரியை என்னை உள்ளே கூப்பிட்டபோது, அந்தக் கிளிப் விஷயமாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

பிள்ளைகளின் குட்டி நாற்காலியில் என்னை உட்கார வைத்தார். "மாட்டுத் தீவனம் கொடுத்துத் தன்னை வாங்கியதாக ரூபி சொல்கிறாள். யார் அவளிடம் இப்படிச் சொன்னது?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

"என் தம்பி."

"அவருக்கு அவளைப் பிடிக்காதா?"

"அவளுக்காக உயிரையே விடுவான்" என்றேன். அதையும் கவலையோடு எழுதிக்கொண்டார்.

தம்பி சேகர் காஞ்சிபுரத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வந்ததும் வராததுமாக ஆரம்பிப்பான்: "ஏய், உன்ன தாமல் சந்தையில ரெண்டு படி தவிடு குடுத்து வாங்கிக்கினு வந்தோம், தெரியுமா?" ரூபி விடமாட்டாள். "பொய். மூணு படி." உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எங்கள் தெருவில் தவிட்டுக்கு வாங்கப்படாத பிள்ளையே கிடையாது. என்னையும் அப்படித்தான் வாங்கினார்கள். முகத்துக்கு நேரே பாசத்தைச் சொல்லக் கூச்சப்படும் ஊர் எங்களுடையது.

அந்த ஆசிரியை மேல் மட்டும் கோபம் என்றால் இரண்டு நாளில் ஆறியிருக்கும். குழந்தைகளின் உணர்ச்சியும் பழக்கமும் எப்படி வளர்கின்றன என்று ஆராய்வதுதான் இங்கே எனக்குச் சோறு போடும் வேலை. அதற்காக மூன்று வருடத்துக்கு முன் கேமராவைத் தூக்கிக்கொண்டு காஞ்சிபுரத்தை ஒட்டிய திருப்பருத்திக்குன்றம் போனேன். சரசு என்ற பெண் தறியிலிருந்து எழுந்து வந்து மகனுக்குச் சோறு ஊட்டினாள். அவன் வாயை இறுக்கி மூடிக்கொண்டான். "துன்னுபா. தவிட்டுக்கு வாங்கின புள்ளைக்கு இவ்ளோ திமிரா?" என்றாள். அவன் சிரித்துக்கொண்டே அவள் மடியில் சாய்ந்து வாயைத் திறந்தான். 'நீ எங்கள் பிள்ளை இல்லை' என்ற பொருளில் தாய் பேசினால் 'நிராகரிப்பு' என்று குறி போட வேண்டும் என்பது எங்கள் விதி. பையன் சிரிக்கிறானே என்று பேராசிரியரிடம் சொல்லிப் பார்த்தேன். வலியை மறைக்கும் சிரிப்பாக இருக்கலாம் என்றார். என் வேலை அப்போது நிரந்தரமாகவில்லை. சரசு போட்டுக் கொடுத்த காபியைக் குடித்த நானே அவள் பெயருக்கு நேரே குறியைப் போட்டேன். வெட்கங்கெட்ட வேலை.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஆசிரியை நீட்டிய படிவத்தைப் பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் ஆய்வுக்குழு தயாரித்த அதே கேள்விகள். வீட்டில் நிராகரிப்புப் பேச்சு உண்டா? உண்டென்றால் விஷயம் குழந்தைகள் நல அலுவலகத்துக்குப் போகும். இனி அப்படி யாரையும் பேச விடமாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் போகாது. சரசுவுக்காக வாய் திறக்காதவளுக்கு அன்றைக்கு மட்டும் வீரம் எங்கிருந்து வரும்? எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தன்வினை தன்னைச் சுடும் என்பார்கள். என்னைச் சுட்டால் போதாதா, பிள்ளையையுமா சுட வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை, ரூபி வருவதற்கு முன்பே சேகரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"இன்னாக்கா இது, வெளாட்டுக்கு சொல்றது கூட தப்பா?"

"இங்க தப்புடா."

ரூபி ஓடிவந்து போனைப் பிடுங்கினாள். "நல்லா இருக்கியாமா? சாப்டியா? ஒழுங்கா படிக்கிறியா?" என்று சேகர் கேட்டான். கல்யாண வீட்டில் தூரத்துச் சொந்தம் விசாரிப்பது போல இருந்தது. ரூபி காத்திருந்தாள். பிறகு அவளே கேட்டாள்: "மாமா, நான் எத்தனை படி?"

அவன் என்னைப் பார்த்தான். வேண்டாம் என்று கண் காட்டினேன். "அதெல்லாம் ஒண்ணுமில்லமா" என்றான்.

அவள் முகம் சுருங்கிப்போயிற்று. என் பக்கம் திரும்பினாள். "அம்மா, மாமா ஏன் எம்மேல கோவமா இருக்குது?"

இத்தனை வருட ஆராய்ச்சியில், நிராகரிக்கப்பட்ட குழந்தையின் முகத்தை அன்றைக்குத்தான் கண்ணெதிரே பார்த்தேன். திரை முழுக்க சேகர் தெரிந்தான். மூலையில் சின்னக் கட்டத்துக்குள் நானும் ரூபியும் இருந்தோம்.