சுந்தரராஜுலு சுவர் கழுவிய கதை

என் வீட்டுக்காரர் சுந்தரராஜுலு ஊருக்கெல்லாம் நல்லவர். எங்கள் ஊர் கணபதியில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்து முப்பத்திரண்டு வருடமாகிறது. அன்னூரிலிருந்தும் கருமத்தம்பட்டியிலிருந்தும் எரிந்துபோன கிணற்று மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வருகிற விவசாயிகள், "ராஜுலு கட்டுனா அஞ்சு வருசத்துக்குத் தொட வேண்டீதில்லீங்க" என்று என்னிடமே சொல்லிவிட்டுப் போவார்கள். நானும் தலையாட்டுவேன். அவர்களுக்கென்ன, அவரோடு ஒரே வீட்டில் குடியிருக்கிறார்களா?

அவரிடம் இருந்தது ஒரே ஒரு கெட்ட பழக்கம். ஆனால் அது ஒரு நாளைக்குப் பத்துத் தடவை வரும். பட்டறையில் வார்னிஷ் இருக்கிறது, நெருப்பு ஆகாது என்று அங்கே சிகரெட்டைப் பற்றவைக்கவே மாட்டார். எல்லாவற்றையும் சேர்த்து வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, கீழே முன்பக்கம் இருக்கும் தன் அறையில், ஜன்னலை அடைத்து ஏ.சி. போட்டு ஊதித் தள்ளுவார். பட்டறை மேல் இருக்கிற அக்கறை பெண்டாட்டி மேல் இல்லை என்று நான் சொல்லாத நாள் கிடையாது. எங்கள் வீட்டில் தெலுங்கு பேசுவோம். சண்டை வந்தால் மட்டும் இரண்டு பேருக்கும் தமிழ் வந்துவிடும். அந்த அறையால் எங்கள் தமிழ் நன்றாகவே வளர்ந்தது.

போன மாசியில் எங்கள் ஒரே பெண் பூஜிதா ஈரோட்டிலிருந்து போன் செய்தாள். முழுகாமல் இருக்கிறாளாம். அன்றைக்குச் சாயங்காலமே அவர் மீதியிருந்த பாக்கெட்டைக் கொண்டுபோய்க் குப்பைத் தொட்டியில் போட்டார். நான் நம்பவில்லை. ஒரு வாரம் கழித்தும் நம்பவில்லை. மூன்று மாதம் கழித்துத்தான், மனுஷன் நிஜமாகவே விட்டுவிட்டார் என்று புரிந்தது. சிகரெட்டுக்குப் பதிலாக அவர் மென்றதில் ஏலக்காய் டப்பா மட்டும் வாரத்துக்கு ஒரு முறை காலியானது.

அவர் விட்டுவிட்டார். அறை விடவில்லை. கதவைத் திறந்தால் நேற்றுப் பிடித்த சிகரெட் மாதிரியே நாறும்.

தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்பது எங்கள் வழக்கம். வளைகாப்பு முடிந்ததும் பெண்ணை அழைத்து வரவேண்டும். கீழே குளியலறையோடு இருப்பது அவர் அறை ஒன்றுதான், மற்றதெல்லாம் மாடியில். பூஜிதாவுக்கு மாடி ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இடையில் ஒரு நாள் செக்கப்புக்கு வந்தவள் அந்த அறைக்குள் போய் இரண்டே நிமிடத்தில் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவந்து அப்பாவிடம் நின்றாள்.

"நைனா, கோவிச்சுக்காதீங்க. இந்த வாசம் போகாட்டி நான் வரலீங்க. அத்தை ஊட்டுலயே இருந்துக்கறேன். எனக்காக இல்லீங்க, கொழந்தைக்காவ."

தமிழில் சொன்னாள். அப்படியென்றால் முடிவாகத்தான் சொல்கிறாள். நான் ராத்திரிச் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன். சொந்தக்காரர்கள் என்ன பேசுவார்கள் என்பது ஒரு பக்கம். என் பெண்ணுக்கு நான் கையால் ஆக்கிப் போட முடியாதே என்பதுதான் பெரிய குறை.

முதலில் என் வைத்தியம். வெங்காயத்தை அரிந்து வைத்தேன், எலுமிச்சம்பழத்தை நறுக்கி வைத்தேன், காப்பித்தூளைக் கிண்ணத்தில் கொட்டி வைத்தேன். பிறகு இரண்டு நாள் கதவை மூடிச் சாம்பிராணி போட்டேன். கோயிலுக்குள் உட்கார்ந்து பீடி குடித்த மாதிரி ஒரு வாசம் வந்தது. புகையைப் புகையால் விரட்டப் பார்த்த என் புத்தியை என்ன சொல்ல!

அடுத்தது அவர் வைத்தியம். பெயிண்டர் திருமூர்த்தியைக் கூட்டிவந்தார். திருமூர்த்தி சுவரில் விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்து, "மொதல்ல செவுத்தக் கழுவோணுமுங்க. அப்பறந்தான் பெயிண்ட்டு" என்றார்.

"அதுக்கெல்லாம் நேரமில்லீங்க. புதன்கெழம நல்ல நாள். அதுக்குள்ள அடிச்சுப்போடுங்க" என்றார் இவர்.

அடித்துவிட்டார்கள். இளம் மஞ்சளில் அறை பளபளவென்று இருந்தது. புது பெயிண்ட் வாசத்தில் சிகரெட் இருந்த இடமே தெரியவில்லை. புதன்கிழமை காலையில், புது அறைதானே என்று உள்ளேயே அடுப்பு வைத்துப் பால் காய்ச்சினோம். ஆனி மாதம், பாலக்காட்டுக் காற்று வீசிக்கொண்டிருந்தது. அடுப்பு அணைந்துவிடக் கூடாதென்று ஜன்னலையும் கதவையும் அடைத்து, ஃபேனையும் நிறுத்திவிட்டு உட்கார்ந்தோம். பால் பொங்கியது. அதே சூட்டோடு சர்க்கரைப் பொங்கலும் வைத்தேன். அறை முழுக்க ஆவி. பூஜிதாவை வீடியோ காலில் கூப்பிட்டு, அவர் போனைச் சுற்றிச் சுற்றிக் காட்டினார்.

"நைனா, செவுத்துல என்னங்க ஒழுகுது?"

திரும்பிப் பார்த்தேன். மேல் மூலையில் ஆரம்பித்து, மஞ்சள் சுவரின் மேல் பழுப்பு நிறத்தில் சொட்டுச் சொட்டாக வழிந்துகொண்டிருந்தது. முதலில் பொங்கல் தெறித்துவிட்டது என்றே நினைத்தேன். வாசம் வந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. இருபத்தைந்து வருடப் புகை, ஆவி பட்டதும் பெயிண்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. பூஜிதா போனை வைத்துவிட்டாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அவர் ஒரு சொட்டை விரலில் எடுத்துத் தேய்த்து மோந்து பார்த்தார். அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏனுங்க, என்னாச்சுங்க?" என்றேன்.

"அழுக்கு மேல வார்னிஷ் அடிச்சுப்போட்டேன் அம்மணி. பட்டறைல எவனாச்சும் இப்படிப் பண்ணுனா கையப் புடிச்சு வெளிய தள்ளியிருப்பேன். ஊட்டுல நானே பண்ணிப்போட்டேன்."

பாவமாகத்தான் இருந்தது. இருந்தாலும் விடுவேனா? "திருமூர்த்தி அன்னைக்கே சொன்னாருங்க" என்றேன்.

மறுநாள் பட்டறையைப் பூட்டினார். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தவிர அவர் பூட்டி நான் பார்த்ததில்லை. சலவைச் சோடாவை வெந்நீரில் கரைத்து, கையுறை மாட்டி, ஸ்பாஞ்சு எடுத்துக்கொண்டு உள்ளே போனார். எரிந்த மோட்டாரைப் பிரிக்கிற மாதிரியே அறையையும் பிரித்தார். ஃபேன் இறக்கை, டியூப் லைட் பட்டி, சுவிட்ச் போர்டு, கதவின் பின்பக்கம், ஒன்றையும் விடவில்லை. புதிதாக அடித்த டிஸ்டம்பர் பெயிண்ட் ஸ்பாஞ்சோடு வந்துவிட்டது. அதற்கு அடியிலிருந்து வந்த தண்ணீர் வரக்காப்பி நிறம். நான் வாளி மாற்றிக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். இருபது வாளிக்கு மேல் எண்ணவில்லை. மெத்தையையும் திரைச்சீலையையும் வெளியே போட்டோம். ஏ.சி.யைக் கழற்றி உள்ளே பார்த்தபோது அவர் முகமே மாறிவிட்டது. தகடு தகடாகத் தார் பூசின மாதிரி இருந்தது.

"இதத்தான் நீயும் மூச்சா இழுத்திருக்கற" என்றார் மெதுவாக.

இத்தனை வருடச் சண்டையில் நான் எதிர்பார்த்த வார்த்தை அதுதான். அது வந்தபோது நான் வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

மூன்றாவது நாள் மத்தியானம் வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்தார். ஈரச் சுவரிலிருந்து கிளம்பிய வாசம் அவரைப் பிடித்து ஆட்டிவிட்டது. "ஒன்னே ஒன்னு புடிச்சா இந்தத் தலவலி நின்னுபோகும்" என்றார். திட்டலாம் என்று வாயைத் திறந்தவள், என்ன நினைத்தேனோ, ஸ்பாஞ்சை வாங்கிக்கொண்டு உள்ளே போய் நானே தேய்க்க ஆரம்பித்தேன். ஐந்து நிமிடத்தில் பின்னாலேயே வந்தார். வாயில் ஏலக்காய் இருந்தது.

பிறகு பத்து நாள் ஜன்னலைத் திறந்தே வைத்தோம். ஆனிக் காற்று உள்ளே புகுந்து புறப்பட்டுக் கொண்டிருந்தது. சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு திருமூர்த்தி வந்து கறை மேலே வராமல் தடுக்கும் பிரைமரை இரண்டு கோட்டிங் அடித்து, அதன் மேல் பெயிண்ட் அடித்தார். இவர் ஏ.சி.யையும் கழுவித் திரும்ப மாட்டினார். இந்தத் தடவை நல்ல நாள் பார்க்கவில்லை.

ஆவணியில் வளைகாப்பு முடிந்து பூஜிதா ஒரே ஒரு பையோடு வந்தாள். பிடிக்காவிட்டால் திரும்பிப் போகத்தான் ஒரு பை என்று எனக்குத் தெரியும். அறைக்குள் போய்ச் சுவரை மோந்தாள், அலமாரியைத் திறந்து மோந்தாள். ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

நாங்கள் கூடத்தில் நின்றோம். அவர் உட்காரவே இல்லை. முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும், என் போன் அடித்தது. மாப்பிள்ளை கிஷன்.

"அத்தைங்க, பூஜிதா இப்பத்தான் பேசுனா. துணி, தலகாணி, அவ படிக்கற புஸ்தகம் எல்லாத்தையும் கொண்டாரச் சொல்றா. நாளைக்கு வாரேனுங்க."

அவரிடம் சொல்லத் திரும்பினேன். அதற்குள் கதவு திறந்தது. தூங்கி எழுந்த முகத்தோடு பூஜிதா நின்றாள்.

"நைனா, ஏன் வெளியவே நிக்கறீங்க? உள்ள வாங்க."

"இரு கண்ணு. குளிச்சுப்போட்டு வாரேன்."

காலையிலிருந்து இரண்டு தடவை குளித்துவிட்டார். அறையைக் கழுவியாகிவிட்டது, தன்மேல் இன்னும் நாறுகிறதோ என்று அந்த மனுஷன் பயந்துகொண்டிருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பூஜிதாவுக்கும் புரிந்திருக்க வேண்டும். மெதுவாக நடந்து வந்து, அவர் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் மூக்கில் வைத்துக்கொண்டாள்.

"ஒரு வாசமும் இல்லீங்க நைனா."

அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். தன் சொந்த அறையில், கட்டில் ஓரமாக, பெண் பார்க்க வந்தவர் மாதிரி கூச்சத்தோடு உட்கார்ந்தார். அவள் அந்தக் கையை எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்தாள். உள்ளேயிருந்து பேரப்பிள்ளை உதைத்திருக்க வேண்டும். அவர் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார், கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. நான் அழுதுகொண்டே போய் இரண்டு பேருக்கும் சோறு போட்டேன்.