ஸ்டாஃப் ரூமில் முளைத்த கதாநாயகன்

திருப்பதியில் ஒரு தனியார் இன்டர் கல்லூரியில், அதாவது நம்மூர் ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூவுக்கு, நான் வேதியியல் நடத்துகிறேன். அந்த வருடம் ஒரு தெலுங்குப் படம் சக்கைப்போடு போட்டது. லெக்சரர் தன் மாணவியைக் காதலிக்கிறார். அவள் வேண்டாம் என்கிறாள். அவர் விடாமல் ஐந்து பாட்டுப் பாடுகிறார். அவள் மனம் இளகிவிடுகிறது. படம் முழுக்க அந்த மனிதர் ஒரு பாடம்கூட நடத்தவில்லை. நானும் பார்த்தேன். கைதட்டினேன் என்பதையும் மறைக்கப்போவதில்லை.

படம் வந்த கொஞ்ச நாளில் எங்கள் இயற்பியல் லெக்சரர் தாடி விட்டார். நாற்பது வயது, இரண்டு குழந்தைகள். சட்டைக் கையைக் கதாநாயகன் மாதிரியே மடித்துவிட்டுக்கொண்டார். ஸ்டாஃப் ரூமில் "ஹீரோகாரு" என்று கூப்பிட்டுச் சிரித்தோம்.

ஒரு மதியம், புத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து படிக்கும் மாணவி ஒருத்தி லேபில் என்னிடம் போனை நீட்டினாள். இயற்பியல் லெக்சரர் அந்தப் படத்தின் காதல் வசனங்களை வரிசையாக அனுப்பியிருந்தார். "வேணாம் சார்" என்று நான்கு முறை எழுதியிருந்தாள். "ஹீரோயினும் முதல்ல இப்படித்தான் சொன்னா" என்பது அவருடைய பதில்.

"கூடப் படிக்கிறதுங்க என்னை லக்கின்னு சொல்லிக்கினு இருக்குதுங்க, மேடம். எனக்குப் பயமா கீது," என்றாள். வயது பதினாறு.

பிரின்சிபாலிடம் போனைக் கொண்டுபோய்க் காட்டினேன். படித்துவிட்டுச் சிரித்தார். "சினிமாப் பைத்தியம், மேடம். லைட்டா எடுத்துக்கோங்க."

"அவளோட அப்பாவுக்குப் போன் பண்ணிட்டேன் சார். அவர் எப்படி எடுத்துக்கிறார்னு பாப்போம்," என்றேன். சிரிப்பு நின்றது.

அவளுடைய அப்பா கரும்பு விவசாயி. வயலிலிருந்து அப்படியே வந்துவிட்டார். மகள் ஒவ்வொரு மெசேஜாகப் படித்துக் காட்டினாள். கேட்டுவிட்டுத் தலை குனிந்துகொண்டார்.

"இந்தப் படத்துக்கு நான்தான் இவள கூட்டிக்கினு போனேன், மேடம். நல்லா விசிலடிச்சேன்."

"நைனா, வுடு," என்றாள் மகள்.

"இல்லம்மா. கேசு எழுதிட்டுதான் வீட்டுக்குப் போறோம்."

மூன்று பேருமாகக் காவல் நிலையம் போனோம். வழக்கு பதிவானது, லெக்சரரைக் கைது செய்தார்கள், கல்லூரியும் அவரை வேலையை விட்டு நீக்கியது. மறுநாள் ஸ்டாஃப் ரூமில், "பாவம், குடும்பஸ்தன்" என்று பேசிக்கொண்டார்கள். அந்தப் பெண் எப்படி இருக்கிறாள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

இயற்பியலுக்கு இப்போது ஓர் அம்மாள் வருகிறார். நியூட்டனைத் தவிர வேறு பேச்சே கிடையாது. வகுப்பில் பாதிப் பேர் கொட்டாவி விடுகிறார்கள். புத்தூர்ப் பெண் மட்டும் முதல் பெஞ்சில் உட்கார்ந்து சந்தேகம் கேட்கிறாள்.