பெயர் இல்லாத பிறப்புச் சான்றிதழ்

வெளிநாட்டிலிருந்து என் மகள் போனில் "ஒரு சின்ன ஹெல்ப்ப்பா" என்று ஆரம்பித்தபோதே எனக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. இன்சூரன்ஸ் ஆபீசில் முப்பது வருடம் க்ளெய்ம் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சின்ன விஷயம் என்று சொல்லிக்கொண்டு வந்த யாரும் சின்ன விஷயத்தோடு வந்ததே இல்லை.

"என் பர்த் சர்டிபிகேட்ல பேரே இல்லப்பா. வெறும் பெண் குழந்தைன்னு போட்டிருக்கு. கார்ப்பரேஷன்ல போய்ப் பேரை ஏத்தி எனக்கு அனுப்ப முடியுமா?"

பெயர் இல்லாததில் அதிசயம் ஒன்றுமில்லை. எங்கள் வீட்டில் பிள்ளையைத் தொட்டிலில் போட்டுப் பெயர் வைப்பது முப்பதாம் நாள்தான். தி. நகர் ஆஸ்பத்திரிக்காரர்கள் அதற்கு முன்பே பிறப்பைப் பதிவு செய்துவிட்டார்கள். அப்புறம் போய்ப் பெயரைச் சேர்க்கவேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவேயில்லை. பள்ளிக்கூடம், பாஸ்போர்ட், கல்யாணம் எல்லாம் எப்படியோ நடந்துவிட்டன.

"இப்ப எதுக்கும்மா திடீர்னு?"

"ஒரு ஃபைலுக்குத்தான்ப்பா."

என்ன ஃபைல்? மாப்பிள்ளையோடு தகராறா? வேலை போய்விட்டதா? என் மனைவியைக் கேட்டேன். பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிராமலே "எனக்கென்ன தெரியும்?" என்றாள். அவள் இத்தனை சுருக்கமாகப் பதில் சொன்னால் விஷயம் முழுக்கத் தெரியும் என்று அர்த்தம். அன்றிலிருந்து அம்மாவும் பெண்ணும் வீடியோவில் பேசும்போதெல்லாம் பக்கத்து அறையில் பேப்பரைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். நான் தலையைக் காட்டினால் பேச்சு சாம்பார்ப் பொடிக்குத் தாவிவிடும்.

அடையாறிலிருந்து ஆட்டோ பிடித்துக் கார்ப்பரேஷன் ஆபீசுக்குப் போனேன். கவுன்டரில் இருந்தவர் மனுவைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னா சார், பொண்ணு ஃபாரின்ல கீதா? சிட்டிசன்ஷிப் போடுதா?"

"யார் சொன்னா?"

"யாரு சொல்லணும்? இந்த வயசுல பேரு ஏத்த வர்றவங்க முக்காவாசி அதுக்குத்தான் வர்றாங்க. பத்து நாள் கழிச்சு வா சார்."

அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அட, இதுவா சங்கதி! ஐந்தே வருஷம், திரும்பி வந்துடுவேன் என்று என் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனவள். அந்த நாட்டுப் பிரஜையாகிவிட்டால் நம் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அப்புறம் எங்கே வருவது? ஏற்கெனவே லீவில் வந்தால் பதினெட்டாம் நாள் பெட்டியைக் கட்டிவிடுகிறாள். அவளை அனுப்பிவைக்கும் காகிதத்தை என்னையே வரிசையில் நின்று வாங்கவைக்கிறாளே!

பத்து நாள் கழித்துப் பெயர் ஏறிய சான்றிதழ் கைக்கு வந்தது. வீட்டுக்கு வந்து பீரோவில் என் வேட்டிகளுக்கு அடியில் தள்ளினேன். "சர்வர் டவுனாம்" என்றேன் மகளிடம். அடுத்த வாரம் "ஆபீசர் லீவாம்". அதற்கடுத்த வாரம் "இன்னும் கையெழுத்து ஆகலையாம்". ஒவ்வொரு தடவையும் அவள் "சரிப்பா" என்று மட்டும் சொன்னாள். ஏன் கோபப்பட மாட்டேன் என்கிறாள் என்று அதற்கும் ஒரு சந்தேகம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் மனைவி வேட்டி எடுக்கப் போனவள் காகிதத்தோடு வந்து நின்றாள்.

"என்ன மனுஷன் நீங்க?"

"ரெண்டு பேரும் சேர்ந்து எங்கிட்ட மறைச்சீங்கல்ல?"

"சொன்னா கத்துவீங்க, அதான் சொல்லல. இப்ப அவளுக்கு இருக்கிற விசாவுல ரொம்ப நாள் வெளிய தங்கினா அது கையை விட்டுப் போயிடும். அந்தப் பயத்துலதான் பதினெட்டாம் நாளே ஓடுறா. சிட்டிசன் ஆயிட்டா, நம்ம பாஸ்போர்ட் போனாலும் இங்க வந்து தங்க ஓ.சி.ஐ. கார்டு தருவாங்க, ஆறு மாசம், ஒரு வருஷம்னு இங்க வந்து நம்மகூட இருக்கலாம்னு நாயா அலையுறா. நீங்க வேட்டிக்கு அடியில வெச்சிருக்கீங்க!"

அவளே போனைப் போட்டு என் கையில் திணித்தாள்.

"சர்டிபிகேட் வந்து இருபது நாளாச்சும்மா" என்றேன். "நான்தான் ஒளிச்சு வெச்சேன்."

"தெரியும்ப்பா. பேர் ஏறின அன்னிக்கே வெப்சைட்ல பார்த்தேன். டவுன்லோட் பண்ணி வெச்சிருக்கேன்."

"அப்ப ஏன் இன்னும் அப்ளிகேஷன் போடல?"



"நீங்க அனுப்பலையேப்பா. உங்களுக்கு இஷ்டமில்லாம எப்படிப் போடறது?"

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"போடும்மா. இன்னிக்கே போடு" என்றேன்.

அந்தப் பக்கம் அவள் அழுதாள். இந்தப் பக்கம் நானும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றேன்.