மாமியாருக்கு ஒரு மார்ப்பட்டை

கடையின் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நாய்க்குப் போடும் பட்டையைத் தன் கைக்கு மாட்டிக்கொண்டிருக்கிறாள். அக்குளுக்கு அடியில் கொடுத்து, தோளுக்கு மேலே இழுத்து, கொக்கியைப் பூட்டுகிறாள். பம்பு அடிப்பதுபோலக் கையை ஏற்றி இறக்குகிறாள். பிறகு கழற்றிவிட்டு, பட்டை பதிந்த இடத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கிறாள். சிவந்திருக்கிறது. பட்டை வலது பக்கக் குவியலுக்குப் போகிறது. வலது பக்கக் குவியல் வேண்டாதவை. இடது பக்கம் குவியல் என்று எதுவும் இல்லை. அங்கே நாய் படுத்திருக்கிறது.

"ஏன்க்கா, போடப்போறது நீங்களா, அதுவா?" என்கிறார் கடைக்காரர்.

"அதுக்கு வலிச்சா சொல்லத் தெரியாது. எனக்குத் தெரியும். எடுங்க அடுத்ததை."

அடுத்ததை முதலில் முகர்ந்து பார்க்கிறாள். உள்பக்கத் தையலில் மூக்கை வைத்து, கண்ணை மூடி, ஆழமாக.

"இது என்ன சென்ட் பாட்டிலா?"

"பசை வாடை அடிக்குது. இதை மார்ல கட்டிக்கிட்டுப் போனா அத்தை எதைத் தேடுவாங்க? பசையைத்தான் தேடுவாங்க."

அத்தை என்பது நாய். பழுப்பு நிறம், குட்டைக் கால், அகன்ற நெஞ்சு, வாயைச் சுற்றி நரை. இந்தப் பெண்ணும் அதுவும் விடுதி விடுதியாகப் போய் மூட்டைப்பூச்சி தேடுகிறார்கள். மருந்தடிக்கும் கம்பெனி ஒன்றில் வேலை. எந்த அறையில் பூச்சி இருக்கிறது என்று நாய் காட்டிக்கொடுக்கும். மறுநாள் ஆட்கள் வந்து அந்த அறையை மட்டும் மூடி மருந்தடிப்பார்கள். விடுதிகளில் துணி வெளுக்கும் பெண்கள் அவளைப் பூச்சியக்கா என்கிறார்கள். நாய்க்கு அவர்கள் வைத்த பெயர் மாமியார். அறைக்குள் நுழைந்ததும் மெத்தையை முகர்கிறது, தலையணையை முகர்கிறது, திரைச்சீலைக்குப் பின்னால் தலையை விட்டுக் குற்றம் தேடுகிறது, யாரிடமும் பேசாமல் அடுத்த அறைக்குப் போய்விடுகிறது. வேறென்ன பெயர் வைக்க முடியும்? ஊரே மாமியார் என்றால், தான் அத்தை என்றுதானே கூப்பிட வேண்டும் என்று பூச்சியக்கா முறையைப் பிடித்துக்கொண்டாள். மரியாதையும் கூடவே வந்துவிட்டது. "இறங்குங்க அத்தை." "தண்ணி குடிச்சிட்டு வாங்க, அவசரமில்ல."

அவள் கணவர் வண்டிகளுக்கு இருக்கை தைப்பவர். "எங்கம்மாவ ஒரு நாளாவது இப்படி வாய் நிறைய கூப்பிட்டிருக்கியா?" என்று கேட்பார்.

"உங்கம்மா ஒரு நாளாவது சொன்ன எடத்துல உக்காந்திருக்காங்களா?"

உட்காருவதுதான் இந்த வேலையின் சாரம். பூச்சி இருக்கும் இடத்தைக் கண்டதும் அத்தை குரைப்பதில்லை, பிறாண்டுவதில்லை. பக்கத்து அறையில் விருந்தாளி தூங்கிக்கொண்டிருப்பார். அத்தை அந்த இடத்துக்கு நேராகப் பின்னங்காலை மடித்து உட்கார்ந்து, திரும்பி இவளைப் பார்க்கும். இடுப்புப் பையிலிருந்து ஒரு துண்டு உலர்ந்த இறைச்சி கிடைக்கும். அறைக் கதவில் ஒரு சிவப்புக் காகிதம் ஒட்டப்படும். அவ்வளவுதான்.

பயிற்சிக்காக ஒரு கண்ணாடிக் குப்பியில் உயிருள்ள மூட்டைப்பூச்சிகளை வளர்க்கிறாள். குப்பியின் வாயில் மெல்லிய வலைத்துணி கட்டியிருக்கும். அவற்றுக்குச் சாப்பாடு இவள்தான். குப்பியை முன்கையில் கவிழ்த்து வைத்துக்கொண்டு தொலைபேசியில் அக்காவுடன் பேசுவாள். பேச்சு முடியும்போது பூச்சிகளுக்கு வயிறு நிறைந்திருக்கும். கையில் வட்டமாகத் தடிப்பு. "எனக்குச் சோறு போட மறந்தாலும் மறப்பா. அதுங்களுக்கு மறக்கமாட்டா" என்பது கணவரின் நிரந்தரப் புகார்.

பட்டை விஷயத்தில் அவளுக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. கழுத்துப் பட்டை கூடவே கூடாது. மோப்பம் பிடிக்கிற நாயின் தொண்டையை இழுத்தால் மூச்சு கெடும். மார்பிலும் வயிற்றிலும் சுற்றி வருவதுதான் வேண்டும். முன்பக்கம் குறுக்கே ஓடக் கூடாது, தோள் அசையாது. முதுகில் கைப்பிடி இருக்கக் கூடாது, கட்டிலுக்கு அடியில் கம்பியில் மாட்டிக்கொள்ளும். வளையம் கலகலக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, சூடு தாங்க வேண்டும். ஒவ்வொரு விடுதி முடிந்ததும் பட்டையைச் சூடான காற்றில் சுழலும் இயந்திரத்தில் போட்டு எடுப்பாள். இல்லாவிட்டால் தையல் மடிப்பில் ஏறிக்கொண்ட பூச்சி அடுத்த விடுதிக்கு இலவசப் பயணம் செய்யும்.

இத்தனையும் பார்த்துத்தான் போன தடவை ஒரு சிவப்புப் பட்டை வாங்கினாள். கைப்பிடி இல்லாதது, பஞ்சு வைத்தது, இரட்டைத் தையல். அதைப் பற்றி விடுதி வாசற்காவலர் வரைக்கும் பெருமை பேசினாள். அது வாங்கிச் சில மாதங்களில்தான் அத்தை தவறவிட ஆரம்பித்தது.

முதலில் ஓர் அறை. அத்தை நின்றது, பார்த்தது, நகர்ந்துவிட்டது. பிறகு அந்த அறையில் பூச்சி இருந்தது தெரியவந்தது. கவனம் சிதறுகிறது என்று பூச்சியக்கா நினைத்தாள். பட்டை மாட்டினால் வேலை, கழற்றினால் ஓய்வு என்பதுதான் அத்தைக்குப் பழக்கப்படுத்திய கணக்கு. பட்டை உடம்பில் நன்றாகப் படிந்திருந்தால் வேலை நினைவு வரும் என்று ஒரு துளை இறுக்கினாள். அடுத்த விடுதியிலும் தவறியது. வண்டியில் பட்டையை எடுத்தால் தானாகத் தலையை நுழைக்கும் அத்தை இப்போது முகத்தைத் திருப்பிக்கொண்டது. வயசாகிவிட்டதோ என்று இவளுக்கே ஒரு நிமிடம் தோன்றியது. அதற்குள் ஒரு விருந்தாளி, கடிபட்ட தன் முதுகைப் படம் எடுத்துக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டார்.

முதலாளி இவளைவிட இளையவர். நல்ல மனிதர். உட்காரச் சொல்லிவிட்டுத்தான் பேசினார்.

"மூக்கு போச்சும்மா. அதுவும் எவ்வளவு நாள்தான் உழைக்கும்? தோட்டம் இருக்கிற வீடா பாத்து வச்சிருக்கேன். நிம்மதியா இருக்கட்டும். அடுத்த மாசம் புது நாய் வருது. உன் வேலைக்கு ஒண்ணும் ஆகாது."

"என் வேலையைப் பத்தி நான் கேக்கல சார்."

"பின்ன?"

"தோட்டத்துல அத்தை என்ன பண்ணுவாங்க?"

 இவளிடம் அப்போது வேறு வாதம் இல்லை. எழுந்து வந்துவிட்டாள்.

வாதம் அடுத்த நாள் மதியம் வீட்டிலேயே கிடைத்தது. குப்பியைச் சாப்பாட்டு மேசையில் வைத்திருந்தாள். கணவர் தட்டு வைக்க இடமில்லாமல் அதை எடுத்து அலமாரியில் ரேடியோவுக்குப் பின்னால் வைத்தார். பட்டையில்லாமல் ஓய்வில் இருந்த அத்தை உள்ளறையிலிருந்து வந்தது. மூக்கைத் தூக்கியது. நேராக அலமாரிக்குக் கீழே போய் உட்கார்ந்தது.

"என்ன, என் ரேடியோவுக்கும் பூச்சி புடிச்சிருக்கா?" என்றார் கணவர்.

பூச்சியக்கா சாப்பாட்டுக் கையோடு எழுந்தாள். கையைக் கழுவிவிட்டு வந்து சிவப்புப் பட்டையை மாட்டினாள். குப்பியைச் செருப்பு வைக்கும் பெட்டிக்குள் மறைத்தாள். அத்தை சுற்றி வந்து செருப்புப் பெட்டிக்கு முன்னால் நின்றது. பெட்டியைப் பார்த்தது. இவளைப் பார்த்தது. பின்னங்கால் லேசாக மடிந்தது, உடனே நிமிர்ந்தது. பிறகு, ஒன்றும் இல்லாததுபோல நகர்ந்தது.

மண்டியிட்டு அத்தையை மெதுவாக அழுத்தி உட்கார வைத்தாள். நிற்கும்போது கொஞ்சம் பின்னால் கிடந்த வயிற்றுப் பட்டை, உட்கார்ந்ததும் முன்னால் ஏறி, முன்னங்காலின் இடுக்கில் போய் மாட்டிக்கொண்டது. விரலைக் கொடுத்துப் பார்த்தாள். விரல் போகவில்லை. சூட்டில் போட்டுப் போட்டு, உள்ளே இருந்த பஞ்சு இறுகி, பட்டையின் ஓரம் அட்டைபோல விறைத்திருந்தது. கழற்றிவிட்டு அந்த இடத்துத் தோல் மடிப்பை விரித்தாள். முடி போய், தோல் உரிந்து, பச்சையாக இருந்தது.

"பட்டை கெட்டுப்போச்சு. அவ்வளவுதானே" என்றார் கணவர்.

"கெட்டுப்போன பட்டையை இறுக்கினது நான்தான்."

 தட்டுகளை அவரே எடுத்துப்போனார்.

முதலாளியிடம் மறுபடி போனாள். இந்தத் தடவை உட்காரவில்லை. "மூக்கு இருக்கு சார். பூச்சியக் கண்டுபிடிக்கறாங்க. உக்காந்தா குத்துது, அதான் உக்காரல. புண்ணு ஆறட்டும். ஒரு ரூம்ல குப்பிய நீங்களே ஒளிச்சு வையுங்க. எனக்கும் தெரிய வேண்டாம். உக்காரலைன்னா நானே தோட்டத்துல கொண்டு விடறேன்."

"பட்டை மேல பழி போடறியேம்மா."

"பட்டை மேல போடல சார்."

முதலாளி நாட்காட்டியைப் பார்த்தார். சோதனை, புது நாய் வருவதற்கு முதல் நாள் என்று முடிவாயிற்று.

அதற்குப் பிறகுதான் இந்தக் கடைகள். பார்க்காத கடையில்லை. "ஏன் இப்படி அலையற, பழைய பனியன் துணியில தைச்சுத் தரேன், பூப்போல இருக்கும்" என்றார் கணவர். தைத்தும் கொடுத்தார். இரண்டு முறை சூட்டில் போட்டு எடுத்தாள். பூ வாடிவிட்டது, ஓர் இழுப்பில் தையலோடு கையில் வந்தது. "பூவெல்லாம் தோட்டத்துக்கு" என்று திருப்பிக் கொடுத்தாள்.

இப்போது இந்தக் கடையில் கடைக்காரர் நாடாவை எடுத்துக்கொண்டு குனிகிறார். "அதை நிக்கச் சொல்லுங்க. நின்னாத்தான் அளவு எடுக்க முடியும்."

"நிக்க வச்சு எடுத்துத்தான் இந்தக் கதி. உக்காருங்க அத்தை."

அத்தை உட்காருகிறது. கடைக்காரர் வாழ்க்கையில் முதல் முறையாக உட்கார்ந்திருக்கும் நாய்க்கு அளவு எடுக்கிறார். நெஞ்சுத் தோல் மடிந்து நாடா நழுவுகிறது. "எல்லா நாய்க்கும் நிக்க வச்சுத்தான் எடுக்கறோம்" என்று முணுமுணுக்கிறார்.

"எல்லா நாயும் நடக்கறதுக்குப் போடுது. எங்க அத்தைக்கு உக்காருறதுதான் உத்தியோகம்."

கொக்கியில் தொங்கும் வரிசையின் கடைசியில் ஒரு சாம்பல் நிறப் பட்டை. தூசி படிந்திருக்கிறது. பஞ்சு இல்லை. நெருக்கமாக நெய்த பட்டையான நாடா, ஓரம் மடங்கி வழவழப்பாக. நெஞ்சின் நடுவில் முன்னங்கால்களுக்கு இடையே ஓடும் பகுதி மற்றவற்றைவிட நீளம். அதனால் வயிற்றுப் பட்டை காலை விட்டு நன்றாகத் தள்ளி, விலா எலும்பின் மேல் விழுகிறது. பூச்சியக்கா முகர்கிறாள். தன் கையில் மாட்டிப் பம்பு அடிக்கிறாள். வெளிச்சத்தில் பார்க்கிறாள். பிறகு அத்தைக்கு மாட்டி உட்காரச் சொல்கிறாள், எழச் சொல்கிறாள், மேசைக்கு அடியில் தவழ்ந்து வரச் சொல்கிறாள். மேசைக் கம்பியில் முதுகுக் கைப்பிடி மாட்டிக்கொள்கிறது.

"கத்திரிக்கோல் இருக்கா?"

"வாங்கிட்டு வெட்டுங்கக்கா. அது பாக்க அவ்வளவு நல்லா இருக்காது. சிவப்புல வேற வருது."

"அத்தைய யாரும் பொண்ணு பாக்க வரல."

வீட்டில் அதைக் கொதிநீரில் போட்டு எடுத்தாள், இயந்திரத்தில் சுழற்றினாள், மறுபடி கொதிநீரில் போட்டாள். ஒவ்வொரு முறையும் ஓரத்தைத் தன் முன்கையின் உள்பக்கம் தேய்த்துப் பார்த்தாள். பூச்சித் தடிப்புகளுக்கு நடுவே அங்கே இன்னும் கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது. கைப்பிடியை வெட்டிய இடத்தில் நூல் பிரியாமல் கணவர் மடித்துத் தைத்துக் கொடுத்தார். அதன்பின் சாயங்காலங்களில் பட்டையை மாட்டி, குப்பியை வீட்டுக்குள் ஒளித்துத் தேடச் சொன்னாள். முதல் சில நாட்கள் அத்தை நின்றது. பிறகு ஒரு நாள் பாதி உட்கார்ந்தது. வலி போன பிறகும் வலியின் நினைவு போகவில்லை. சோதனைக்கு முந்தின நாள் வரை அத்தை தானாக முழுதாக உட்காரவே இல்லை.

விடுதியின் மேல்மாடி அறை. ஜன்னலை ஒட்டி இரட்டைக் கட்டில், ஒரு மேசை, மூலையில் மெத்தை வைத்த நாற்காலி. கதவோரம் முதலாளியும், துப்புரவுப் பகுதி மேற்பார்வை அம்மாளும் நின்றார்கள். "மாமியாருக்குப் புதுச் சட்டையா?" என்றாள் அந்த அம்மாள் மெதுவாக. பூச்சியக்கா பட்டையில் கயிற்றை மாட்டினாள்.

அத்தை கட்டிலைச் சுற்றியது. அடியில் புகுந்தது. பட்டை எதிலும் மாட்டாமல் மறுபக்கம் வெளியே வந்தது. திரைச்சீலை. மேசைக் கால். நாற்காலி. நாற்காலியைத் தாண்டிப் போய், கழுத்து மட்டும் பின்னால் திரும்பி, மறுபடி நாற்காலிக்கே வந்து நின்றது.

நின்றது. இவளைப் பார்த்தது. பின்னங்கால் மடிந்து நிமிர்ந்தது.

உக்காருங்க அத்தை என்று ஒரு சொல் சொன்னால் போதும், உட்கார்ந்துவிடும். ஆனால் அது இவள் கண்டுபிடித்ததாக ஆகும், அத்தை கண்டுபிடித்ததாக ஆகாது. முதலாளிக்கும் அது தெரியும். இவள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பூச்சியக்கா உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டாள். கையிலிருந்த கயிற்றை இன்னும் கொஞ்சம் தளர்த்தி, அது தரையைத் தொடும்வரை விட்டாள்.

அத்தை மறுபடி பின்னங்காலை மடித்தது. பாதியில் நின்றது. எதற்கோ காத்திருப்பதுபோல அப்படியே இருந்தது. எதுவும் குத்தவில்லை. உட்கார்ந்தது. முன்னங்காலை ஒரு முறை நகர்த்தி வைத்துக்கொண்டு, இன்னும் நன்றாக உட்கார்ந்தது.

முதலாளி வந்து நாற்காலி மெத்தையைத் தூக்கினார். குப்பியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "சரிம்மா. புது நாய்க்கு வேற ஆள் பாக்கறேன்" என்றார்.

அவள் அவர் பக்கம் திரும்பவில்லை. இறைச்சித் துண்டைக் கொடுத்துவிட்டு, உட்கார்ந்திருக்கும் அத்தைக்கு முன்னால் மண்டியிட்டு, முன்னங்காலுக்குப் பின்னால் பட்டைக்கு அடியில் இரண்டு விரலை விட்டு, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை மெதுவாக ஓட்டிப் பார்த்தாள்.