குழாயைக் கழற்றியது நான்

இந்த மாதத் தொடக்கத்தில் பரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலில் ஒரு கடைக்குள் நுழைந்தேன். ஐந்தே நிமிடத்தில் கொதித்துப்போய் வெளியே வந்தேன்.

ஆணி முதல் பைப் வரை விற்கிற தமிழ்க் கடை. நான் கேட்டது இரண்டே சாமான். தண்ணீர்ப் பைப்பைக் குளிரில் இருந்து காக்கச் சுற்றிப் போடுகிற நுரை உறை, பிறகு ஒரு பெரிய ஸ்பானர். பைப்பின் அளவைக்கூடச் சொன்னேன்.

கடைக்காரர் சிரித்தார். "அக்கா, பிழையாய் வாங்கினால் பிறகு கரைச்சல். அண்ணையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. நான் அவருக்கு விளங்கப்படுத்துறன்."

அண்ணை என்று அவர் சொன்னது என் கணவரை. ரெஸ்டோரன்ட் குசினியில் வேலை செய்கிறார். மீன் வெட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஆனால் பைப்? ஒரு வால்வை எந்தப் பக்கம் திருப்பினால் பூட்டும் என்று கேட்டால் யோசிப்பார்.

விஷயம் இதுதான். பரிஸிலிருந்து ஒன்றரை மணி நேரத் தூரத்தில், விடுமுறைக்குப் போய்த் தங்குகிற ஒரு காம்பிங்கில் எங்களுக்கு மொபில் ஹோம் ஒன்று இருக்கிறது. தொழிற்சாலையில் செய்து, கொண்டுவந்து இறக்கி வைக்கிற வீடு. அத்திவாரம் கிடையாது. வீட்டுக்கும் தரைக்கும் நடுவில் வெறும் இடைவெளி. தண்ணீர்ப் பைப்புகள் அந்த இடைவெளியில்தான் ஓடுகின்றன... குளிருக்கு நேரே. குளிர்காலத்துக்குக் காம்பிங்கை மூடும் முன் அவற்றில் தண்ணீர் நிற்காமல் வடித்துவிட வேண்டும். நின்றால் உறையும். உறைந்தால் பைப் வெடிக்கும்.

காம்பிங் நிர்வாகம் தந்த பிரெஞ்சு அறிவுறுத்தலை வரிவரியாக வாசித்தது நான். போன வருடமே சொன்னேன், "வால்வைப் பூட்டினால் மட்டும் காணாது. வெளிக்குழாயைத் திறந்து, உள்ளை நிக்கிறதை வடிய விடவேணும்."

பக்கத்து மொபில் ஹோம்காரர் – ரிட்டயரான பிரெஞ்சுக்காரர் – என் கணவரைப் பார்த்து, பூட்டினால் போதும் என்றார். கணவரும் தலையாட்டினார். இரண்டு ஆண்கள் முடிவெடுத்துவிட்டால் தண்ணீரும் கேட்டு நடக்கும் என்று நினைப்பு.

தண்ணீர் கேட்கவில்லை. வசந்தத்தில் வால்வைத் திறந்தோம், வீட்டுக்கு அடியில் மழை. குளியலறைத் தரை ஊறி, கால் வைத்த இடமெல்லாம் அமுங்கியது. ஈஸ்டர் லீவுக்கு மகள் தன் சிநேகிதிகளை அங்கே கூட்டிப்போக இருந்தாள். அழுதுகொண்டே எல்லோருக்கும் மெசேஜ் போட்டாள்.

பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து என்ன சொன்னார் தெரியுமா? "மதாம் எதையாவது மாற்றித் திருப்பியிருப்பார்."

என் கணவர்? துணியை எடுத்துத் தரையைத் துடைக்கப் போய்விட்டார்.

ஆகவே இந்த வருடம் நானே இறங்கினேன். சாமான்களை பக்கத்து ஊரான சென் தெனியில் வேறொரு கடையில் வாங்கினேன். பழைய ரெயின்கோட்டைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு அடியில் தவழ்ந்துபோய் மல்லாந்து படுத்தேன். முதுகுக்குக் கீழே ஈர மண். வால்வைப் பூட்டி, எல்லாக் குழாய்களையும் திறந்து, சுடுதண்ணீர்த் தொட்டியை வடிப்பதை முன்பே முடித்திருந்தேன். இப்போது பைப்பின் அடிமூடியைக் கழற்றினேன். முகத்தில் ஐஸ் தண்ணீர் அடித்தது. கணவர் வெளியே நின்று டார்ச் பிடித்தார்.

அப்போது காம்பிங் காவலாளி வந்தார். வடிந்து ஓடுகிற தண்ணீரைப் பார்த்து, "பிராவோ முசியு, ஒழுங்கான வேலை" என்று என் கணவரிடம் சொன்னார்.

கணவர் சொன்னார், "மெர்சி."

நன்றியா? என் இரண்டு கால்களும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

திரும்பும்போது காரில் கேட்டேன். "ஏன் மெர்சி சொன்னனீங்கள்?"

"அந்தாள் பாராட்டினவர். வேறை என்னத்தைச் சொல்லுறது?"

"ஆரைப் பாராட்டினவர்?"

அவர் ரேடியோவைப் போட்டார். பரிஸுக்குள் நுழையும்வரை அதுதான் பாடியது.

கடைக்காரருக்கு என்னைத் தெரியாது. காவலாளிக்கும் தெரியாது. இவருக்குத் தெரியும். அதுதான் எனக்கு ஆறவில்லை. ஊரார் என் உழைப்பைக் காணாமல் விட்டால் ஒரு கோபம். கண்ட மனிதரே வாய் திறக்காமல் விட்டால் அதைவிடப் பெரிய கோபம் இல்லையா?

கதை அதோடு முடியவில்லை. இந்த வியாழக்கிழமை காம்பிங் மனேஜரிடமிருந்து கணவருக்குப் போன். பக்கத்து வீட்டுக்காரருக்கு முழங்கால் வலி, குனிய முடியாது, முசியு, அதாவது என் கணவர், வந்து அவருடைய பைப்புகளையும் வடித்துத் தருவாரா?

கணவர் வாய் தவறி "வுய்" என்று ஒப்புக்கொண்டுவிட்டார். பிறகு என்னிடம் திரும்பி, "சனிக்கிழமை நீரும் வாறீர்தானே?"

"இல்லை. எனக்கு வேலை இருக்கு."

தனியாகப் போனார். நேற்றுக் காலை பத்து மணிக்கு நான் லா ஷப்பலில் ஒரு மரக்கறிக் கடையில் நிற்கிறேன், போன் அடித்தது.

"இஞ்சாரும், அந்த அடிமூடியை எந்தப் பக்கம் திருப்புறது?"

"பக்கத்திலை ஆர் நிக்கினம்?"

"பக்கத்து வீட்டு முசியு நிக்கிறார். காவலாளியும் நிக்கிறார்."

"ஸ்பீக்கரிலை போடுங்கோ."

பிறகு அவருடைய குரல், பிரெஞ்சில், மெதுவாக... "இது என் மனைவி. எங்கள் வீட்டு வேலையைச் செய்தவர் அவர்தான். எனக்கு ஒன்றும் தெரியாது."

அந்த ஒரு வரிக்கு ஒரு வருடம் எடுத்திருக்கிறது. பரவாயில்லை. கத்தரிக்காய்க்கும் வாழைக்காய்க்கும் நடுவில் நின்று, கடை முழுக்கக் கேட்கும்படி பிரெஞ்சில் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அந்தப் பக்கம் மூன்று ஆண்கள், "வுய் மதாம், வுய் மதாம்."

போனை வைத்துவிட்டு பில் போடப் போனேன். கல்லாவில் இருந்த பிள்ளை என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அக்கா, நீங்கள் பிளம்பரோ?"

"ஓம்" என்றேன்.