டுரியான் பூவுக்கு விரித்த வலை

கிள்ளானில் ஓர் இடைநிலைப்பள்ளியில் நான் உயிரியல் ஆசிரியை. ஓர் உயிர் இன்னோர் உயிரைச் சார்ந்து பிழைக்கும் பாடத்தை வருஷா வருஷம் நடத்துகிறேன். சொந்த வீட்டு மனிதருக்கு அதைப் புரியவைக்க முடியாமல் போனது இன்னும் எரிகிறது.

என் அக்காவின் கணவருக்கு உலு லங்காட்டில் பன்னிரண்டு டுரியான் மரங்கள். பூக்கும் பருவத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அங்கே போனேன். மரத்துக்கு மரம் மீன்வலை கட்டியிருந்தார். சின்னச் சின்ன வௌவால்கள் அதில் சிக்கித் தொங்கின. ஒன்றைத் தவிர எல்லாம் செத்திருந்தன. அந்த ஒன்றைக் கத்தரிக்கோலால் வலையை வெட்டி எடுத்தேன். கழுத்து ரோமமெல்லாம் மகரந்தம் அப்பியிருந்தது.

அத்தான் மரத்தடியைக் காட்டினார். தரை முழுக்க இதழ்கள். வௌவால் தின்று போட்ட மிச்சமாம். டுரியான் பூ ஒரே ராத்திரி மலர்ந்து தானாக உதிரும், வௌவால் தேனுக்கு வருகிறது, அது வந்தால்தான் நன்றாகக் காய் பிடிக்கும் என்று சொன்னேன்.

"பள்ளிக்கூடப் பாடத்த அங்கயே வச்சுக்க லா. இருபது வருஷமா மரம் பாக்குறேன் நான்."

"அத்தன வருஷமும் வலை இல்லாமதான அத்தான் காய்ச்சுச்சு?"

அவர் வீட்டுக்குள் போய்விட்டார். வேலியோரம் இருந்த இரண்டு மரங்களின் வலையை வெட்டிப் போட்டேன். அக்கா ஓடி வந்து தடுத்ததால் மற்றதைத் தொட முடியவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு நிற்காமல் காரை எடுத்தேன்.

பழம் விழும் காலத்தில் அக்கா போன் செய்தாள். மறுபடி வலை கட்டாமல் விட்ட அந்த இரண்டு மரமும் நன்றாகக் காய்த்திருக்கிறதாம், மற்ற பத்திலும் சேர்த்து ஒரு கூடைகூடத் தேறவில்லையாம். மழை கெடுத்துவிட்டது என்று அத்தான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாராம். வேலியோரம் மட்டும் மழை பெய்யவில்லை போலிருக்கிறது.

அடுத்த பருவத்தில் அவர் வலை கட்டவில்லை. ஏன் என்று யாரிடமும் சொல்லவுமில்லை. "அதான் எடுத்துட்டாரே, இன்னும் என்ன கோவம் உனக்கு?" என்கிறாள் அக்கா.

வலையை எடுத்துவிட்டார், சரி. அந்த வௌவால் ஓர் ஈற்றுக்கு ஒரே ஒரு குட்டிதான் போடும். அன்று காலை தொங்கியவற்றைப் பற்றி அந்த வீட்டில் இதுவரை ஒருவர்கூட ஒரு வார்த்தை பேசவில்லை.